சூடு இருக்கிறது, வழி இருக்கிறதா?

போன மாதம் இந்தப் பக்கத்தில் புவிவெப்ப மின்சாரம் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதினேன். 1904இல் இத்தாலியின் லார்தெரெல்லோவில், நிலத்துக்கு அடியிலிருந்து வந்த நீராவியைக் கொண்டு ஐந்து பல்புகளை எரியவிட்ட செய்தியோடு முடித்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: கீழே இருக்கும் பாறை ஊருக்கு ஊர் மாறுகிறதே, அதனால் என்ன ஆகும்? இருபத்தாறு வருடம் ஆழ்கிணறு தோண்டும் தளங்களில், மேலே வரும் பாறைத் துகளைப் பார்த்து எழுதிவைக்கும் வேலை செய்தவள் நான். இந்தக் கேள்விதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: தோண்டத் தோண்டச் சூடு கூடும் என்கிறீர்கள். அப்படியானால் எந்த ஊரிலும் ஆழமாகத் தோண்டி மின்சாரம் எடுக்க வேண்டியதுதானே? பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கும் ஐஸ்லாந்தைப் பார்த்து நாம் ஏன் ஏங்க வேண்டும்?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆம்பூர்

ஐயா, நான் பிறந்தது கோலார் தங்கவயலில். தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். "கீழ் லெவல்ல பாறை மேல கைய வெச்சா, வெச்ச வேகத்துல எடுத்துடுவே" என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் அது. அங்கே பாறையின் வெப்பம் ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ். மனிதர்கள் நின்று வேலை பார்க்க அது கொடுமையான சூடு. டர்பைனைக் கட்டுப்படியாகும் செலவில் சுழற்றவோ அது போதாது.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். மியூனிக் நகரத்தின் தெற்கு விளிம்பில் உன்டர்ஹாஹிங் என்று ஓர் ஊர். அங்கே 3,350 மீட்டர் ஆழத்துக் கிணற்றில் 122 டிகிரி சூட்டில் தண்ணீர் கிடைத்தது. கோலாரின் ஆழம்தான், சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

வித்தியாசத்துக்குக் காரணம் பாறை. நம் தென்னிந்திய நிலப்பலகை பூமியின் மிகப் பழைய துண்டுகளில் ஒன்று. அதற்கு அடியிலிருந்து மேலே வரும் வெப்பம் குறைவு. பாறைக்குள்ளேயே இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்றவை சிதையும்போது கொஞ்சம் வெப்பம் உண்டாகும். கோலார்ப் பக்கத்துக் கரும்பாறைகளில் அவையும் சொற்பம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் கருங்கல்லில் அவை நிறைய இருப்பதால், எரிமலை எதுவும் இல்லாத அந்த ஊரிலும் 5 கிலோமீட்டருக்கு மேல் துளைபோட்டுச் சூடு தேடுகிறார்கள்.

மேலே போர்த்தியிருக்கும் பாறைக்கும் இதில் பங்கு உண்டு. குவார்ட்சைட்டும் உப்புப்பாறையும் வெப்பத்தைச் சட்டென்று கடத்திவிடும். களிப்பாறையும் நிலக்கரியும் கம்பளி மாதிரி, உள்ளே பிடித்துவைக்கும். ஒரே ஆழத்தில் தோண்டினாலும், மேலே கம்பளி போர்த்திய ஊரில் சூடு கூடுதலாகக் கிடைக்கும்.

கேள்வி: என் தோட்டத்தில் 600 அடி போர் போட்டேன், புகைதான் வந்தது. நாற்பதடி தள்ளிப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு 280 அடியிலேயே இரண்டு இஞ்ச் தண்ணீர். சூடு தேடித் தோண்டுகிறவர்களுக்கும் இப்படி நடக்குமா?
- விவசாயி, ராசிபுரம்

நடக்கிறது அண்ணா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. ரிக் வண்டி வாசலில் நிற்க, வெள்ளைப் புகையாகத் தூள் பறக்க, "இன்னும் ஒரு பைப் இறக்கலாமா" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடினப்பாறைப் பகுதியில் தண்ணீர் இருப்பது பாறைக்குள் இல்லை, பாறையின் விரிசலுக்குள். நாற்பதடி தள்ளி ஒரு விரிசல் ஓடுகிறது. உங்கள் துளை அதைத் தொடவில்லை. உங்கள் மேல் எந்தத் தவறும் கிடையாது.

புவிவெப்பக்காரர்கள் இதே வேதனையைப் பல கிலோமீட்டர் ஆழத்தில் படுகிறார்கள். மேலே சொன்ன உன்டர்ஹாஹிங் கிணறு நொடிக்கு 150 லிட்டர் வெந்நீர் தந்தது. அதை நம்பித் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, கெரெட்ஸ்ரீட் என்ற ஊரில் 2013இல் தோண்டினார்கள். அதே சுண்ணாம்புப்பாறை அடுக்குதான். ஆல்ப்ஸ் மலையை நோக்கி அந்த அடுக்கு சரிந்து இறங்குவதால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. நினைத்த சூடு இருந்தது. தண்ணீர்தான் போதவில்லை.

ஒரே அடுக்கு, ஒரே வயது, ஒரே பெயர். பிறகு ஏன்? ஜுராசிக் காலத்தில் அங்கே கடல். சில இடங்களில் கடற்பஞ்சுகளும் பவளங்களும் சேர்ந்து மேடு கட்டின. அந்த மேடுகள் பின்னாளில் ஓட்டையும் பொந்துமான பாறையாக மாறின. மழைநீர் அரித்து அந்தப் பொந்துகளைக் குகைகளாகவே ஆக்கியது. மேடுகளுக்கு நடுவே அமைதியான பள்ளங்களில் நைஸான சுண்ணாம்புச் சேறு படிந்து, பலகை பலகையாக இறுகிப்போனது. அதில் தண்ணீர் நகர இடமே இல்லை. வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் தீட்டியிருப்பார்கள். கீழே மேடு எது, பள்ளம் எது என்பது 15 கோடி வருடத்துக்கு முந்தைய கடலின் கணக்கு.

கெரெட்ஸ்ரீட்டில் கதை அதோடு நிற்கவில்லை. பாறையில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, நாமே தண்ணீரைச் சுற்றவிடலாம் என்று 2023இல் மறுபடி துளையிடத் தொடங்கினார்கள். இரண்டு கிணறுகளை அடியில் பக்கவாட்டுத் துளைகளால் இணைத்து, தண்ணீர் பாறைக்குள் கசியாமல் உள்ளேயே சுற்றிவருகிற மாதிரி ஏற்பாடு. விரிசலைத் தேட வேண்டிய அவசியம் இதில் இல்லை. ஆனால் பாறையிலிருந்து சூடு மெள்ளக் கடந்துவர வேண்டும் என்பதால், பல பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்குத் துளை போட வேண்டியிருக்கிறது. செலவு அங்கே போய்விடுகிறது.

கேள்வி: எங்கள் பாடத்தில் பாறையை ஒரே சீரான ஊடகமாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். ஊடுருவுதிறனுக்கு, அதாவது பாறை எவ்வளவு தண்ணீரை ஓடவிடும் என்பதற்கு, ஒரு சராசரி எண் கொடுத்தால் போதாதா? மேடம், அந்த மாறுபாடு கடைசி விடையை அவ்வளவு மாற்றுமா?
- பொறியியல் மாணவர், கோவை

மாற்றும் தம்பி. ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

விரிசல் வழியே ஓடும் நீரின் அளவு, விரிசலின் அகலத்தின் கனத்தை, அதாவது முப்படியை, பொறுத்தது. அகலம் இரண்டு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்கு. இப்போது 0.5 மில்லிமீட்டர் அகல விரிசல் ஒன்று. அதற்கு ஈடாகத் தண்ணீர் ஓட 0.1 மில்லிமீட்டர் விரிசல்கள் எத்தனை வேண்டும்? ஐந்தின் கனம், 125. இரண்டு பாறைகளுக்கும் உங்கள் சராசரி எண் ஒன்றேதான். பம்ப் வைத்துச் சோதித்தாலும் இரண்டும் ஒரே அளவு தண்ணீர் தரும்.

ஆனால் நமக்கு வேண்டியது தண்ணீர் இல்லை, தண்ணீர் சுமந்துவரும் சூடு. ஒரு கிணற்றில் குளிர்ந்த நீரை இறக்கி, அது பாறை இடுக்குகளில் ஓடிச் சூடேறி, இன்னொரு கிணற்றில் மேலே வர வேண்டும். 125 விரிசல் உள்ள பாறையில் தண்ணீர் உரசிப்போகும் பரப்பு 125 மடங்கு. ஒற்றை விரிசல் பாறையில் எல்லாத் தண்ணீரும் இரண்டே சுவர்களை உரசிப்போகிறது. பாறைக்குள் சூடு நகரும் வேகமோ ஆமை வேகம். ஒரு வருடத்தில் ஐந்தாறு மீட்டர்தான் அதன் எட்டு. அதனால் அந்த இரண்டு சுவர்களும் சீக்கிரம் ஆறிப்போகும். நூறு மீட்டர் தள்ளி இருக்கும் பாறை கொதித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சூடு உங்கள் தண்ணீருக்கு வந்து சேராது. முப்பது வருடம் ஓட வேண்டிய நிலையத்தில் சில வருடங்களிலேயே தண்ணீர் வெதுவெதுப்பாக வரத் தொடங்கினால், முதல் சந்தேகம் இப்படி ஒரு குறுக்குவழியின் மேல்தான் விழும்.

இன்னொன்றையும் சேருங்கள். பாறை ஆறினால் சுருங்கும். சுருங்கினால் விரிசல் அகலும். அகன்றால் தண்ணீர் இன்னும் அதிகமாக அதிலேயே பாயும். சந்தில் ஒரு வண்டி போன தடத்திலேயே எல்லா வண்டியும் போய்ப் பள்ளமாகிற மாதிரி. தொடக்கத்தில் சின்னதாக இருந்த வேறுபாடு நாளாக ஆகப் பெரிதாகிறது. உங்கள் சீரான ஊடகத்தில் இது ஒருநாளும் நடக்காது. அதனால்தான் களத்தில் ஒரு கிணற்றில் சாயத்தையோ வேறு ஒரு வேதிப்பொருளையோ கலந்து விட்டு, அடுத்த கிணற்றில் அது எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு செறிவில் வருகிறது என்று காத்திருந்து பார்க்கிறோம். ஒரே வீச்சில் சட்டென்று வந்துவிட்டால் வயிற்றைக் கலக்கும். நீண்ட நாள் மெள்ளக் கசிந்து வந்தால் நிம்மதி.

பாறை சீரானது என்று நம்பித் தொடங்கிய மிகப் பெரிய சோதனை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஃபென்டன் ஹில் என்ற இடத்தில் நடந்தது. 1970களில் லாஸ் அலமோஸ் ஆய்வகம் அதைத் தொடங்கியது. சூடான, தண்ணீரே இல்லாத படிகப்பாறை. அதில் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தினால், நாணயம் போல வட்டமாக ஒரு செங்குத்து விரிசல் திறக்கும், இன்னொரு கிணற்றால் அதை வெட்டிவிட்டால் சுற்று முடிந்தது என்பது திட்டம். இரண்டாம் கட்டத்தில் ஆழத்தை 4 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனார்கள். 300 டிகிரியைத் தாண்டிய சூடு. இரண்டு கிணறுகளையும் சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்றாகத் தோண்டி முடித்த பிறகுதான் விரிசல் உண்டாக்கத் தொடங்கினார்கள். 1983 டிசம்பரில் ஏறத்தாழ 2.1 கோடி லிட்டர் தண்ணீரைச் செலுத்தினார்கள். பாறை திறந்தது. ஆனால் அவர்கள் வரைந்த திசையில் திறக்கவில்லை. அந்தப் பாறைக்குள் என்றோ உண்டாகி மூடிக்கிடந்த பழைய விரிசல்கள் இருந்தன. தண்ணீர் அவற்றைத்தான் தேடிப் போய்ப் பிளந்தது. திறந்த பகுதி ஒரு பக்கம் சாய்ந்து போக, இரண்டாவது கிணறு அதன் வெளியே நின்றது. இரண்டு கிணறும் சேரவே இல்லை.

கடைசியில் சின்னச் சின்ன அதிர்வுகளை வைத்து, பாறை எங்கே திறந்திருக்கிறது என்று வரைந்து, 1985இல் ஒரு கிணற்றைத் திசைதிருப்பி அந்த இடத்துக்குள் செலுத்தினார்கள். அப்போதுதான் இணைப்புக் கிடைத்தது. முதலில் பாறையைத் திற, அது எங்கே திறந்தது என்று பார், பிறகு இரண்டாவது கிணற்றைத் தோண்டு என்ற வரிசையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தோல்விதான். என் பார்வையில் இந்தத் துறையின் மிகப் பயனுள்ள பாடம் அது. உங்கள் பேராசிரியரிடம் இதையும் ஒரு வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: நோயாளிக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் இருக்கிறது. அத்தனை ஆழத்துப் பாறையை எப்படித்தான் பார்ப்பீர்கள்?
- செவிலியர், திருநெல்வேலி

ஸ்கேன் மாதிரி முறைகள் உண்டு சகோதரி. பூமிக்குள் அதிர்வு அனுப்பி எதிரொலி வாங்குவது, மின்தடை அளப்பது என்று. ஆனால் கையில் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது பாறைத் துகள் மட்டும்தான். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை.

துளையிடும் பல், பாறையை அரிசிக் குருணை அளவுக்கு நொறுக்கும். துளைக்குள் சுற்றிவரும் சேறு அந்தக் குருணையைச் சுமந்து மேலே வரும். 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில மீட்டருக்கு ஒரு தடவை ஒரு கை அள்ளி, சல்லடையில் கழுவி, சின்னத் தட்டில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை இமையோடு ஒட்டிவைத்துக் குனிய வேண்டும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு சுறுசுறுவென்று நுரைக்கும். பிஸ்தா பச்சையில் கண்ணாடிப் பொடி மாதிரி மின்னினால் அது எபிடோட். அந்தக் கனிமம் பொதுவாக 240 டிகிரியை ஒட்டிய சூட்டில் விளைவது. வெப்பமானி இறங்குவதற்கு முன்பே, எப்போதோ இந்தப் பாறை அந்தச் சூட்டைப் பார்த்திருக்கிறது என்று அந்தப் பச்சை சொல்லிவிடும். முதல் தடவை அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பெரிய விரிசலைத் துளை தொட்டதும் சேறு முழுவதும் அதற்குள் ஓடிவிடும். மேலே ஒன்றும் திரும்பாது, குருணையும் வராது. எந்த இடத்துப் பாறையைப் பார்க்க ஏங்குகிறோமோ, அந்த இடத்தில் தட்டு காலி. எண்ணெய்க் கிணற்றுக்காரர்களுக்குச் சேறு ஓடுவது நஷ்டம், உடனே அடைப்பார்கள். புவிவெப்பக் கிணற்றில் அதுதான் நல்ல சகுனம், வழி கிடைத்துவிட்டது என்று பொருள்.

வெளிநாட்டில் ஒரு தளத்தில், விடியற்காலை இரண்டு மணிக்கு எனக்கு இப்படி நடந்தது. தொட்டியில் சேற்றின் மட்டம் கண்முன்னே இறங்கிக்கொண்டிருந்தது. பொறுப்பில் இருந்தவர் எண்ணெய்க் கிணறுகளில் வளர்ந்தவர். பழக்கதோஷத்தில் சிமென்ட் போட்டு அடைக்கச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று நான் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அந்தக் கிணற்றின் ஒரே நல்ல விரிசல் அதுதான் என்பது ஓட்டச் சோதனையில் தெரிந்தது. அன்றைக்கு இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைப்பேன்.

கேள்வி: இப்படித் தண்ணீரைச் செலுத்துவதால் பூகம்பம் வரும் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?
- இல்லத்தரசி, மதுரை

உண்மை அம்மா. எல்லா இடத்திலும் வராது, வந்த இடங்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்கு அடியில், 5 கிலோமீட்டர் ஆழத்துக் கருங்கல்லில் 2006 டிசம்பரில் தண்ணீர் செலுத்தினார்கள். ஆறே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. 3.4 அளவு அதிர்வு. சுவர்கள் கீறின, மக்கள் பயந்தார்கள், 2009இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

தென்கொரியாவின் போஹாங் இன்னும் துயரமானது. 2017 நவம்பர் 15ஆம் தேதி 5.5 அளவு நிலநடுக்கம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அரசு அமைத்த குழு 2019 மார்ச்சில், அங்கிருந்த புவிவெப்பக் கிணற்றில் செலுத்திய தண்ணீர்தான் அதைத் தூண்டியது என்று சொன்னது. பூமிக்கடியில் யாரும் குறித்துவைக்காத ஒரு பிளவுப்பரப்பு, ஏற்கெனவே நழுவத் தயாராக இருந்தது. தண்ணீரின் அழுத்தம் அதை எட்டிவிட்டது.

எனக்கு நெஞ்சை அடைப்பது வேறு. அந்தக் கிணற்றைத் தோண்டியபோதே, 3,800 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் சேறு பெருமளவு ஓடியிருக்கிறது. பின்னால் விசாரணைக் குழுவினர் அந்த ஆழத்துக் குருணையை எடுத்துப் பார்த்தபோது, பாறையும் பாறையும் உரசி அரைபட்ட மாவு இருந்தது. பிளவு அங்கே இருக்கிறது என்பதற்கான சாட்சி பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. இதை வாசித்த அன்று, நான் இத்தனை வருடம் கட்டிவைத்த பைகளையெல்லாம் யாராவது திரும்பப் பிரித்துப் பார்த்தார்களா என்றுதான் முதலில் நினைத்தேன்.

கேள்வி: ஐஸ்லாந்தில் துளை போட்டு நேராக எரிமலைக் குழம்பையே தொட்டுவிட்டார்களாமே?
- பள்ளி மாணவன், சேலம்

ஆமாம் கண்ணா. 2009இல், கிராஃப்லா என்ற இடத்தில். 4.5 கிலோமீட்டர் போகத் திட்டமிட்டவர்கள் 2.1 கிலோமீட்டரிலேயே குழம்பில் முட்டி நின்றார்கள். அங்கே குழம்பு இருப்பது முன்கூட்டி எதிலும் தெரியவில்லை. பிறகு அந்தக் கிணற்றிலிருந்து 450 டிகிரி நீராவி வந்தது.

கேள்வி: நான் ஷ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். வீட்டைச் சூடாக்கத் தோட்டத்தில் 100 மீட்டர் துளை போட்டுக் குழாய் இறக்கலாம் என்கிறார்கள். இவ்வளவு மேலாகப் போடும் துளைக்கும் பாறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா அக்கா?
- வாசகி, ஜெர்மனி

கட்டாயம். உங்கள் மாநிலத்திலேயே ஷ்டாவ்ஃபென் என்ற சிறு நகரம் இருக்கிறது. 2007இல் பழைய நகரமன்றக் கட்டடத்தைச் சூடாக்க ஏழு துளைகள் போட்டார்கள், ஒவ்வொன்றும் 140 மீட்டர். சில வாரத்தில் சுவர்களில் கீறல் தெரிந்தது. ஊர் மேலே எழும்பத் தொடங்கியது. சில இடங்களில் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். 250க்கும் மேற்பட்ட வீடுகள் பிளந்தன.

கீழே அன்ஹைட்ரைட் என்ற அடுக்கு இருந்ததுதான் காரணம். அது நீரில்லாத ஜிப்சம். அதற்கும் கீழே அழுத்தத்தில் அடைபட்டிருந்த நிலத்தடி நீர், துளை வழியே ஏறி அதை நனைத்தது. நனைந்தால் அது ஜிப்சமாக மாறிப் பருமனில் சுமார் 60 சதவீதம் ஊதும். ஊறவைத்த கடலை பாத்திரத்தை நெம்புகிற மாதிரி ஊரை நெம்பியது. அடுக்குகள் உடைந்து நொறுங்கிக்கிடக்கும் நிலம் அந்தப் பக்கம்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு உங்கள் பகுதியில் இதற்கு விதிகள் கடுமையாக இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் இரண்டே இரண்டு கேளுங்கள்: என் தோட்டத்துக்கு அடியில் ஜிப்சம், அன்ஹைட்ரைட் அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்குகிறது? அதைத் தொட்டால் துளையை அங்கேயே நிறுத்துவீர்களா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: ஒருமுறை கிணறு அமைந்துவிட்டால் என்றென்றைக்கும் நீராவி வருமா?
- வங்கி ஊழியர், தஞ்சாவூர்

எடுக்கும் வேகத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவின் த கீசர்ஸ் என்ற இடத்தில் புவிவெப்ப மின்சாரம் 1960இல் தொடங்கியது. 1980களில் கிணற்றுக்கு மேல் கிணறாகத் தோண்டி உறிஞ்சினார்கள், நீராவியின் அழுத்தம் விழுந்துவிட்டது. அந்தப் பாறைக்குள் சூடு அப்படியே இருந்தது, தண்ணீர்தான் தீர்ந்துகொண்டிருந்தது. 1997 முதல் பக்கத்து ஊர்களின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே கொண்டுவந்து உள்ளே விட்டு நிலைமையைத் தாங்கிப் பிடித்தார்கள். நியூசிலாந்தின் வைராகேயில் 1958இல் நிலையம் தொடங்கியது; அங்கே நீரை எடுக்க எடுக்க மேலே இருந்த மென்மையான ஏரிச்சேற்றுப் பாறை அமுங்கி, ஓரிடத்தில் நிலம் ஏறக்குறைய 15 மீட்டர் இறங்கியிருக்கிறது. மேலே கெட்டியான பாறை இருந்திருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காது.

கேள்வி: நம் நாட்டில் எங்கேதான் வாய்ப்பு?
- தேநீர்க் கடைக்காரர், வேலூர்

லடாக்கில் புகா பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து 4,400 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 84, 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே ஊற்றுகள் அப்படிக் கொதித்துக்கொண்டிருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1970களிலேயே சிறு கிணறுகள் போட்டுப் பார்த்தது. 1 மெகாவாட் நிலையத்துக்கு 2021இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஐம்பது வருடமாகக் காத்திருக்கும் இடம் அது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

தமிழ்நாட்டில் காவிரிப் படுகையின் படிவுப்பாறைகளில் கோலாரைவிடச் சூடு அதிகம். எண்ணெய்க்காகத் தோண்டிய ஆழ்கிணறுகள் அங்கே நிறைய இருக்கின்றன. மின்சாரத்துக்கு அது ஈடுகொடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்; நெல் காயவைக்க, மீன் உலர்த்த, குளிர்பதனக் கிடங்கு நடத்த முயன்று பார்க்கலாம். வேலூர்ப் பக்கம் உங்களுக்கும் எனக்கும் காலடியில் இருப்பது கோலாரின் அண்ணன் தம்பிப் பாறைதான். அதில் ஆசை வைக்க வேண்டாம்.

கேள்வி: நான் பிளஸ் டூ முடித்துப் புவியியல் படிக்க ஆசைப்படுகிறேன். எங்கள் ஊரில் சுரங்கமும் இல்லை, எரிமலையும் இல்லை. இப்போதே எதைப் பார்த்துப் பழகலாம் மேடம்?
- மாணவி, திருச்செங்கோடு

திருச்செங்கோட்டில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறாய் அம்மா! நாட்டின் பாதி இடங்களுக்கு ரிக் வண்டி உங்கள் ஊரிலிருந்துதானே போகிறது. அடுத்த தெருவில் போர் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வீட்டில் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போ. காதில் பஞ்சும் முகத்தில் துணியும் வேண்டும். ஒவ்வொரு பைப் இறங்கும்போதும் வரும் தூளில் ஒரு டம்ளர் அள்ளி, தனித்தனிப் பையில் போட்டு, எத்தனையாவது அடி என்று மார்க்கரில் எழுது. வீட்டுக்கு வந்து டீ வடிகட்டியில் கழுவிக் காயவை. வரிசையாகத் தாளில் கொட்டினால் நிறம் எங்கே மாறுகிறது என்று தெரியும். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக இருப்பது கருங்கல் வகை. கறுத்துப் பளபளக்கும் செதில் அபிரகம். நடுவில் ஒரே ஒரு பையில் மட்டும் துரு நிறம் ஏறியிருந்தால், அந்த அடியை அடிக்கோடிடு. தண்ணீர் ஓடிய இடத்தில்தான் பாறை துருப்பிடிக்கும். அன்றைக்குத் தண்ணீர் எத்தனையாவது அடியில் வந்தது என்று ரிக் டிரைவர் அண்ணனிடம் கேட்டு, உன் அடிக்கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று எனக்கு எழுது.